கேள்வி–பதில்: நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போகும் வழி

ஸ்கேன் ரிப்போர்ட்டில் புரியாதது எதுவானாலும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில்தான் வந்து நிற்கின்றன: "குழந்தைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லையாம், டாக்டர்." அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு இது முதல் குழந்தை, 22 வாரம். டாப்ளர் ஸ்கேனில் "யூட்ரைன் ஆர்ட்டரி பி.ஐ. அதிகம், இரண்டு பக்கமும் நாட்ச்" என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில் "பிரஷரைப் பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார்கள். குழந்தைக்கு ரத்தமே போகவில்லை என்று மாமியார் அழுகிறார். உண்மையா?
– வாசகி, மன்னார்குடி

உண்மை இல்லை. முதலில் மாமியாரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் இருவருமாக உட்கார்ந்து மீதியைப் படியுங்கள்.

நானும் உங்கள் பக்கத்துக்காரிதான். நீங்கள் ஆற்றுப்பாசன ஊரில் இருப்பதால் உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், கடைசியில் வயலுக்குள் தண்ணீர் இறங்கும் மடை. கர்ப்பப்பையிலும் இதே ஏற்பாடுதான். இரு பக்கமும் வரும் பெரிய குழாய்தான் ரிப்போர்ட்டில் இருக்கும் யூட்ரைன் ஆர்ட்டரி. அது கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் சுருள் சுருளாக நெளிந்த நூற்றுச் சொச்சம் சின்னக் குழாய்களாக நஞ்சுக்கொடியின் அடியில் திறக்கிறது. இந்தச் சுருள் தமனிகள்தான் மடை.

கர்ப்பம் இல்லாத நாளில் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 50 மில்லி. இதயம் வெளியேற்றுவதில் நூற்றில் ஒரு பங்கு. நிறைமாதத்தில் அது நிமிஷத்துக்கு 500 முதல் 750 மில்லி வரை போகிறது. இதயம் வெளியேற்றும் ரத்தமே அந்தச் சமயத்தில் 30 முதல் 50 சதவீதம் கூடியிருக்கும். அந்தக் கூடின ரத்தத்திலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கர்ப்பப்பைக்கே போகிறது. ஒரு டம்ளர் ரத்தம் போன இடத்தில் ஒரு குடம் போகவேண்டும் என்றால் பழைய மடை தாங்காது அல்லவா?

அதனால் குழந்தையே மடையை வெட்டுகிறது. இது பேச்சுக்குச் சொல்வது இல்லை. கருவிலிருந்து வளர்ந்த செல்கள் தாயின் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழைந்து, அந்தச் சுருள் குழாய்களின் தசைச் சுவரைக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் தாங்களே அமர்ந்துகொள்கின்றன. தசை போய்விட்டால் குழாயால் சுருங்க முடியாது. வாய் பல மடங்கு அகலமாகிறது. 1967-இல் பிராசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக விவரித்தார்கள். கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் நோய் வந்த தாய்மார்களிடம் இந்த வேலை பாதியில் நின்றுபோயிருப்பதும் அந்த வழியில் வந்த ஆய்வுகளில்தான் தெரிந்தது. வேலை ஏறக்குறைய 18, 20 வாரத்துக்குள் முடிந்துவிடவேண்டும்.

மடை அகலமானால் தண்ணீர் நிறைய வருகிறது என்பது மட்டும் இல்லை, நிதானமாகவும் வருகிறது. குறுகின மடையில் தண்ணீர் பீய்ச்சி அடித்து நாற்றைப் பிடுங்கிவிடும். என் அப்பா மண்வெட்டியோடு நின்று மடைவாயை அகலப்படுத்திக்கொண்டே இருந்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். குறுகிய சுருள் தமனியிலிருந்து வேகமாகப் பாயும் ரத்தம் நஞ்சுக்கொடியின் மெல்லிய விரல்களைக் காயப்படுத்துகிறது. அந்தக் காயத்திலிருந்து கிளம்பும் பொருட்கள் தாயின் உடம்பெங்கும் போய் பிரஷரை ஏற்றுகின்றன.

இப்போது உங்கள் ரிப்போர்ட். டாப்ளர் என்பது குழாய்களில் ரத்தம் ஓடுவதை வரைபடமாகக் காட்டும் ஸ்கேன். பி.ஐ. என்பது அந்தப் பெரிய குழாயில் ரத்தம் எவ்வளவு தடையைச் சந்திக்கிறது என்பதற்கான எண். நாட்ச் என்பது வரைபடத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு விழும் ஒரு சின்னப் பள்ளம். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அந்தப் பள்ளம் பலருக்கும் இருக்கும், 24 வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு மறைந்துவிடும். உங்களுக்கு இன்னும் இருக்கிறது. அதாவது கீழே மடைகள் எதிர்பார்த்த அளவு திறக்காமல் இருக்கலாம். ரத்தம் போகிறது, கொஞ்சம் முட்டி மோதிப் போகிறது. இப்படி ரிப்போர்ட் வந்தவர்களில் பெரும்பாலோர் பிரச்சினை இல்லாமல் பெற்றெடுக்கிறார்கள். ஆனாலும் உங்களை நான் மற்றவர்களைவிட அடிக்கடி பார்ப்பேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பிரஷர் பார்க்கவேண்டும், சிறுநீரில் புரதம் பார்க்கவேண்டும், குழந்தையின் எடைக்கு 28 வாரத்திலும் அதற்குப் பிறகும் வளர்ச்சி ஸ்கேன் வேண்டும். பிரஷர் 140/90-ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் வீங்குவது என்று ஏதாவது வந்தாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஏழாம் மாதத்தில் ஒரு பெண்ணை ஜன்னி கண்டு தூக்கிவந்தார்கள். கால் விரல்கள் அவ்வளவு வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. நூலைச் சுற்றிச் சுற்றித்தான் கழற்றினோம். அவள் கையிலிருந்த அட்டையில் நாலு செக்கப் தேதி எழுதியிருந்தது, பிரஷர் கட்டம் நாலிலும் காலியாக இருந்தது. தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. அதிலிருந்து யார் அட்டையை நீட்டினாலும் என் கண் முதலில் அந்தக் கட்டத்துக்குத்தான் போகிறது. நீங்களும் உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். காலியாக இருந்தால் கேட்டு எழுதி வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

என் அக்காவுக்குப் போன பிரசவத்தில் பிரஷர் அதிகமாகி 34 வாரத்திலேயே ஆபரேஷன். இப்போது மறுபடி கர்ப்பம், 9 வாரம். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம்" என்கிறார்கள் வீட்டில். சரியா?
– வாசகர், அறந்தாங்கி

நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், தம்பி. மேலே சொன்ன மடை வெட்டும் வேலை உங்கள் அக்காவுக்கு இப்போதுதான் தொடங்குகிறது. அது முடிந்த பிறகு போய் நின்றால் நாங்கள் கண்காணிக்கத்தான் முடியும், அதைச் சரிசெய்ய எங்களிடம் மருந்து இல்லை.

இப்போது போனால் ஒரு வழி இருக்கிறது. குறைந்த அளவு ஆஸ்பிரின். 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கண்டறிந்த தாய்மார்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை தினமும் இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே வரும் பிரஷர் நோய் 62 சதவீதம் குறைந்தது. 16 வாரத்துக்கு முன் ஆரம்பித்தால்தான் பலன் நன்றாக இருக்கிறது. முன் பிரசவத்தில் பிரஷர், ஏற்கனவே பிரஷர் அல்லது சர்க்கரை, சிறுநீரக நோய், இரட்டைக் குழந்தை: இதில் ஒன்று இருந்தாலே மருத்துவர் யோசிப்பார். அளவை அவர்தான் சொல்லவேண்டும். அல்சர், ஆஸ்துமா இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கவேண்டாம்.

மூன்று மாதம் கழித்துத்தான் வெளியே சொல்வோம் என்ற பழக்கத்தில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஊருக்குச் சொல்லாதீர்கள். டாக்டருக்கும் கிராமச் சுகாதார நர்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.

முதல் மூன்று மாதமும் ஒரே வாந்தி. கஞ்சித் தண்ணீர்கூட நிற்கவில்லை. ரத்தம் ஊறாமல் குழந்தை பட்டினி கிடந்திருக்குமோ என்று தூக்கம் வரவில்லை. இப்போது 15 வாரம்.
– வாசகி, சங்கரன்கோவில்

தூங்குங்கள். உங்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல சேதி இருக்கிறது.

முதல் பத்து வாரம் வரை உங்கள் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் அநேகமாகப் பாய்வதே இல்லை. மடை வெட்ட வந்த அதே செல்கள் முதலில் கூட்டமாகக் கூடி மடைவாயை அடைத்துவைக்கின்றன. தெளிந்த நீர் மட்டும் கசிந்து உள்ளே போகும். அந்த நாட்களில் குழந்தைக்குச் சாப்பாடு கர்ப்பப்பையின் உள்சுவரில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து ஊறுகிறது. பிறந்த குழந்தைக்குப் பால் மாதிரி, கருவுக்கு அந்தச் சுரப்பு. கரு அப்போது கட்டைவிரல் அளவுகூட இல்லை, அதற்கு வேண்டியது மிகக் கொஞ்சம். உங்கள் உடம்பில் இருந்த சேமிப்பே போதும்.

அடைத்துவைப்பதற்கும் காரணம் இருக்கிறது. உறுப்புகள் உருவாகும் அந்த வாரங்களில் ஆக்சிஜன் அதிகமாக வந்தால் இளம் செல்களுக்குக் கெடுதல். 10, 12 வாரத்தில் அடைப்பு மெல்ல விலகுகிறது, ஆக்சிஜன் இரண்டு மடங்குக்கு மேல் உயர்கிறது. நீங்கள் 15 வாரம் என்கிறீர்கள். உங்களுக்கு வாய் திறந்து சாப்பாடு இறங்கும் நேரமும் அங்கே மடை திறக்கும் நேரமும் ஒன்றாகத்தான் வருகின்றன. எத்தனையோ வருஷமாக இதைப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

நாள் முழுக்கச் சிறுநீர் சரியாகப் போகவில்லை, எடை மளமளவென்று இறங்குகிறது என்றால் மட்டும் டிரிப்ஸ் தேவைப்படும். அது குழந்தையைவிட உங்களுக்காக.

எனக்கு ஓ பாசிட்டிவ், பிறந்த குழந்தைக்கு ஏ பாசிட்டிவ். என் ரத்தம்தானே பத்து மாதமும் ஓடியது?
– வாசகி, தாராபுரம்

ஓடவில்லை. உங்கள் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் ஒரு குளம்போல நிற்கிறது, நிமிஷத்துக்கு மூன்று நாலு தடவை புதிதாகிறது. குழந்தையின் ரத்தம் அந்தக் குளத்தில் தொங்கும் கோடிக்கணக்கான மெல்லிய விரல்களுக்குள் ஓடுகிறது. நடுவில் இருக்கும் சுவர், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதது. அந்த விரல்களின் பரப்பையெல்லாம் விரித்தால் நிறைமாதத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் தரை அளவுக்கு வரும். இரு ரத்தமும் தனித்தனி என்பதை வில்லியம் ஹண்டரும் அவர் தம்பி ஜானும் 18-ஆம் நூற்றாண்டிலேயே ரத்தக்குழாய்களில் நிறமூட்டிய மெழுகைச் செலுத்திப் பார்த்துக் காட்டிவிட்டார்கள். பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் சில துளிகள் தாயின் பக்கம் கசியலாம். நெகட்டிவ் குரூப் தாயின் உடம்பு அந்தத் துளிகளை எதிர்க்கப் பழகிவிடாமல் இருக்கத்தான் ஆன்டி-டி ஊசி. உங்களுக்கு அது தேவையில்லை.

33 வாரத்தில் டாப்ளர் பார்த்துவிட்டு "கொடியில் ரத்த ஓட்டம் நின்று நின்று போகிறது" என்று அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். பிள்ளை 1.4 கிலோ. 26 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறான். ஆனால் "காசுக்காக முன்கூட்டியே எடுத்துட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ரிப்போர்ட் நகல் இணைத்திருக்கிறேன்.
– வாசகி, பரமக்குடி

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அதிலிருக்கும் படத்தை நீங்களும் எடுத்து எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே ஒரு நேர்க்கோடு. அதன்மேல் ரம்பப் பல் மாதிரி வரிசையாக முனைகள். ஒவ்வொரு முனையும் உங்கள் மகனின் ஒரு இதயத் துடிப்பு. தொப்புள்கொடியில் மூன்று குழாய்கள் உண்டு. இரண்டு, குழந்தையிடமிருந்து நஞ்சுக்கு ரத்தத்தை அனுப்புபவை. ஒன்று, சுத்தமான ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருவது. படத்தில் இருப்பது அனுப்பும் குழாய். நல்ல நஞ்சுக்கொடியில், இதயம் ஓய்வெடுக்கும் அந்த நொடிப்பொழுதிலும் ரத்தம் முன்னே போய்க்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு பல்லுக்கும் நடுவே பள்ளம் அடிக்கோட்டைத் தொடாது. மாதம் ஏற ஏற அந்தப் பள்ளம் இன்னும் நிரம்பும், ஏனென்றால் நஞ்சுக்குள் புதுப்புதுக் கிளைகள் விடுகின்றன, தடை குறைகிறது.

உங்கள் படத்தில் பள்ளம் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் ரத்தம் அப்படியே நிற்கிறது என்று அர்த்தம். நஞ்சின் கிளைகளில் பெரும்பகுதி வேலை செய்யாமல் போனால்தான் இப்படி வரும். இதற்கு அடுத்த கட்டம், பள்ளம் கோட்டுக்குக் கீழே இறங்குவது. அப்போது ரத்தம் பின்னாலேயே திரும்பி வருகிறது. அதை விட்டுவைத்தால் பிள்ளை வயிற்றிலேயே போய்விடும் அபாயம் மிக அதிகம்.

ரிப்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் மூளைக்குப் போகும் குழாயின் படமும் இருக்கிறது. அங்கே ஓட்டம் வழக்கத்தைவிடத் தாராளமாக இருக்கிறது. உங்கள் மகன் கிடைத்த கொஞ்சத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டு, மற்ற இடங்களில் குறைத்துக்கொண்டிருக்கிறான். சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்தால் சிறுநீர் குறையும். பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். "தண்ணி கம்மியா இருக்கு" என்று இரண்டு வாரம் முன்பே உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அது இதனுடைய முன்னறிவிப்பு. தண்ணீர் நிறையக் குடித்தும் ஏறவில்லை என்று நீங்கள் வருந்தவேண்டியதில்லை. குறை நீங்கள் குடித்ததில் இல்லை.

33 வாரத்துக்கு 1.4 கிலோ என்பதே, பிள்ளை உள்ளே பல நாளாகச் சிரமப்பட்டிருக்கிறான் என்று காட்டுகிறது. இப்படிப் பள்ளம் கோட்டைத் தொட்டுவிட்டால் 32 முதல் 34 வாரத்துக்குள் எடுத்துவிடவேண்டும் என்பதுதான் உலகமெங்கும் உள்ள வழிகாட்டுதல். உங்கள் மருத்துவர் நுரையீரல் முதிர்ச்சிக்கான ஊசி போட்டு, அது வேலை செய்ய நேரம் கொடுத்து, அதன் பிறகு எடுத்திருக்கிறார். நான் அங்கே இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். சொந்தக்காரர்கள் அடுத்த முறை பேசும்போது இந்தப் பதிலைக் கையில் கொடுங்கள்.

அடுத்த குழந்தை என்று நினைக்கும்போது அறந்தாங்கிக்காரருக்குச் சொன்னதை நீங்களும் படியுங்கள்.

ரத்த ஓட்டம் கூட மாதுளை, பீட்ரூட், அமினோ ஆசிட் டிரிப்ஸ், முழு படுக்கை ஓய்வு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது நல்லது?
– வாசகி, ஆம்பூர்

மாதுளையும் பீட்ரூட்டும் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். அவை மடையைத் திறக்காது. டிரிப்ஸும் திறக்காது. படுத்தே கிடந்தால் ரத்த ஓட்டம் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். ரத்தக்குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் மாத்திரையைக்கூட நம்பிக்கையோடு முயன்று பார்த்தார்கள். நெதர்லாந்தில் நடந்த ஆய்வை, பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் கோளாறு வந்ததால் 2018-இல் பாதியில் நிறுத்தினார்கள். அதனால் யாராவது "ரத்த ஓட்டத்துக்கு" என்று மாத்திரை எழுதினால் அது என்ன மாத்திரை என்று கேளுங்கள்.

புகையிலை ரத்தக்குழாயைச் சுருக்கும். வீட்டில் ஆண்கள் பீடி, சிகரெட் பிடித்தால் வெளியே போகச் சொல்லுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை விடாதீர்கள். ஓட்டம் சரியாக இருந்தாலும் ரத்தத்தில் சத்து இல்லாவிட்டால் போய்ச் சேருவது குறைவுதான்.

இடது பக்கம் மட்டும்தான் படுக்கவேண்டுமா? தூக்கத்தில் மல்லாந்துவிட்டால்?
– வாசகி, ஓசூர்

28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்கப்போகாதீர்கள். கர்ப்பப்பையின் எடை, முதுகெலும்பின் வலப்புறமாக மேலேறும் பெரிய சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். இடது, வலது எதுவானாலும் ஒருக்களித்தால் போதும். நடுராத்திரி விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறீர்களா, திரும்பிப் படுத்துத் தூங்குங்கள். அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். நான்தான் கூட இருக்கப்போகிறேன். எங்கள் வீட்டில் மாடு கன்று போட்டால் நஞ்சு விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்போம், வைக்கோலில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவோம். மனுஷிக்கும் அப்படித்தானா? அவ்வளவு ரத்தம் ஓடின இடம், நஞ்சு கழன்றதும் என்ன ஆகும்?
– வாசகி, குளித்தலை

எனக்கு வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதான், அம்மா.

மாட்டு நஞ்சு வேறு மாதிரி. பொத்தான் பொத்தானாக எண்பது, நூறு இடத்தில் கர்ப்பப்பையில் ஒட்டியிருக்கும், தாயின் ரத்தக்குழாய்க்குள் நுழையாது. அதனால் மெதுவாக, மணிக்கணக்கில் கழன்று விழும், ரத்தமும் அதிகம் போகாது. கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தியும் அந்த வழியில் வராது, சீம்பாலில்தான் வரவேண்டும். பிறந்ததும் சீம்பால் குடிக்கவைக்க நீங்கள் படும் அவசரம் அதனால்தான் சரி. மனுஷக் குழந்தைக்கு வயிற்றிலேயே நஞ்சு வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. அதற்காகச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள், அதிலும் நிறைய இருக்கிறது.

மனுஷி நஞ்சு ஒரே வட்டமான தட்டு, அரைக்கிலோ கனம். நுழைந்து வேர்விட்டது. அது கழன்ற கணத்தில் நூற்றுச் சொச்சம் மடையும் வாய் திறந்து கிடக்கும். நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ஓடிய இடம். அந்தக் குழாய்களுக்குத்தான் சொந்தமாகச் சுருங்கத் தசை இல்லையே. பின்னே ரத்தம் எப்படி நிற்கிறது? கர்ப்பப்பையின் தசைநார்கள் அந்தக் குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. கர்ப்பப்பை இறுகினால் ஒவ்வொரு நாரும் ஒவ்வொரு குழாயையும் முடிச்சுப் போட்டதுபோல் நெரிக்கிறது.

நஞ்சு வந்ததும் அதை ஒரு தட்டில் விரித்து, துண்டு ஏதாவது உள்ளே நின்றுவிட்டதா என்று பார்ப்போம். தசை இறுகவும் ஊசி போடுவோம். அப்புறம் வார்டுக்கு வந்த முதல் இரண்டு மணி நேரத்தில் நீங்கள் ஒரு உதவி செய்யலாம். நர்ஸிடம் கேட்டுக்கொண்டு மகளின் தொப்புளுக்குப் பக்கத்தில் கையை வையுங்கள். உள்ளே உருண்டையாக, கெட்டியாக, தேங்காய் மாதிரி தட்டுப்படும். அது இறுகின கர்ப்பப்பை. கையில் அது கொழகொழவென்று இருந்தாலோ, கால் மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, மகள் வெளிறிப்போய் "மயக்கமா இருக்கும்மா" என்றாலோ, பேரனைக் கொஞ்சிக்கொண்டிருப்பவர்களை விட்டுவிட்டு ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிடுங்கள். சத்தம் போட்டே கூப்பிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.